பக்கத்தை இழுக்காதீங்க

எந்த லிஃப்டை எப்படிப் பழுது பார்ப்பது என்பதெல்லாம் அந்தக் கம்பெனியில் விக்கிப் பக்கங்களாக இருந்தது. யார் திருத்தினாலும் பழைய பதிப்பு பின்னால் தங்கிவிடும். சர்வர் நிரம்பி மூச்சுத் திணறியதால், விக்கியைப் பார்த்துக்கொள்பவன் அன்று பழைய பதிப்புகளை ஒட்டுமொத்தமாக அழித்தான். கடைசிப் பதிப்பு இருந்தால் போதும் என்பது அவன் நினைப்பு. பேக்கப் நகலை அதற்கு முன்பே தீர்த்துக்கட்டியிருந்தான்.

அதே ஆபீஸில் பக்கம் திருத்தும் அக்காவுக்கு ஒரு பழக்கம். முதலில் பக்கத்தைக் காலியாக்கிச் சேமிப்பாள். டீ குடித்துவிட்டு வந்து, பழைய பதிப்பிலிருந்து வேண்டியதை எடுத்து ஒட்டுவாள். வீட்டைக் கழுவிவிட்டுச் சாமான் அடுக்குகிறாளாம்.

அவள் டீக்குப் போன நேரத்தில்தான் இவன் அழித்தது. பழைய மாடல் லிஃப்டின் பிரேக்கை எப்படி விடுவிப்பது என்று சொல்லும் பக்கம் துடைத்த தட்டு மாதிரி கிடந்தது. மெக்கானிக் மச்சான், மனைவியின் அண்ணன், காலையில் லிங்க் கேட்டு வாங்கித் திறந்தது அந்தப் பக்கத்தைத்தானே? போன் போட்டான்.

"மச்சான், பிரேக் பக்கம் உங்க போன்ல இன்னும் திறந்திருக்கா?"

"இருக்கு மாப்ள. லிஃப்டுக்குள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டு என் வம்சத்தையே திட்டுறாங்க, நீ வேற! ஏன், புதுசா ஏதாவது ஏத்துனியா? இரு, இழுத்து ரீஃப்ரெஷ் பண்ணிப் பாக்குறேன்..."

"இழுக்காதீங்க! விரலை எடுங்க! சர்வர்ல ஒண்ணுமே இல்ல. உலகத்துலயே அது உங்க கையில மட்டும்தான் இருக்கு."

மறுமுனையில் அந்த அம்மா உள்ளேயிருந்து லிஃப்ட் கதவைத் தட்டினாள்.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"தங்கச்சியக் கட்டிக் குடுக்கும்போதே நெனச்சேன்."

"அப்புறமா திட்டுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுங்க. மெதுவா மேல தள்ளுங்க, கீழ மட்டும் இழுத்துடாதீங்க."

"சார்ஜ் செவப்புல இருக்குப்பா."

ஒரு படம் வந்தது. இன்னொன்று வந்தது. கடைசிப் படம் பாதியில் சுற்றிச் சுற்றி நின்று, ஒருவழியாக இறங்கியது. உடனே லைன் செத்தது. மச்சான் கடைசி வரியைப் படித்தாரா, இல்லையா? படங்களைப் பார்த்து எல்லாவற்றையும் காலிப் பக்கத்தில் தட்டிச் சேமித்தான். திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

"வெளிய வந்துட்டேன். மெக்கானிக் என் போன்ல உங்ககிட்ட பேசணுமாம். நீங்கதானே அந்த அழிச்ச மாப்ள?"

அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு போனை வைத்தபோது அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"காலி பண்ணி வச்ச பக்கத்துல யாருப்பா எழுதினது?" என்று கேட்டபடியே எல்லாவற்றையும் அழித்துச் சேமித்தாள்.

அவனுக்கு உயிர் போய் வந்தது. பதைத்துப் பழைய பதிப்புகளைத் திறந்தான். தட்டியது அப்படியே பின்னால் இருந்தது. அழிக்கும் பொத்தானிலிருந்து ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.