ஆறு பாரு

எங்கள் கடையில் 'சிக்ஸ்' என்ற வார்த்தைக்குத் தடை போட்டவர் என் அத்தா நஜிமுதீன். அன்றைக்கே நான் எதிர்த்துப் பேசியிருந்தால் தேவராஜுக்கு இன்று இரண்டு காலும் இருந்திருக்கும். இப்படிச் சொன்னால் பழியைத் தூக்கி அத்தா தலையில் போட்ட மாதிரி ஆகிவிடும். பழி என்னுடையதுதான். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூர் பஜாரில் எங்களுக்கு ஜெராக்ஸ் கடை. 2005-இல் பிராட்பேண்ட் வந்ததும் பின்னறையில் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஈ ஓட்டுகிற நேரம். அப்போது கேபிள் டிவிக்கு ஒயர் இழுக்கும் என் சிநேகிதன் தேவராஜ் வருவான். பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இன்டர்நெட் விளையாட்டு ஒன்றில் இரண்டாம் உலகப் போர் காலத்துச் சண்டை விமானங்களை ஓட்டுவோம். எதிரில் பறப்பவன் எந்த நாட்டுக்காரன் என்றுகூடத் தெரியாது. முதல் மாதம் முழுக்க, சுட்டது யார் என்றே தெரியாமல் விழுந்துகொண்டிருந்தோம்.

அப்புறம்தான் புரிந்தது. அந்த விளையாட்டில் நம்மைக் கொல்பவன் கண்ணுக்குத் தெரிகிற எதிரி இல்லை, தெரியாதவன். முன்னால் ஒருத்தன் புகை விட்டுக்கொண்டு ஓடினால் நம் கண் அவன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து இன்னொருத்தன் வெயிலுக்குள் ஒளிந்து மேலிருந்து இறங்குவான்.

தேவராஜ் குறி தவறாதவன், ஆனால் திரும்பியே பார்க்க மாட்டான். எனக்குச் சுடவே வராது, கழுத்து மட்டும் நன்றாகத் திரும்பும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவன் அடிப்பான். நான் கொஞ்சம் மேலே பறந்து அவன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வேன். என் மூக்குக்கு நேராக எவன் போனாலும் நான் துரத்தக் கூடாது. பின்னால் வருகிறவன் வேடிக்கை பார்த்தால் முன்னால் போகிறவன் தொலைந்தான். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் இதுதான்.

விமானத்தின் மூக்கு பன்னிரண்டு மணி என்றால் வால் ஆறு மணி. வாலுக்குப் பின்னால் எதிரி வந்தால் 'செக் சிக்ஸ்' என்று கத்த வேண்டும். ஒரு நாள் நான் கத்திய கத்தல் முன்கடை வரை கேட்டுவிட்டது. அங்கே ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அத்தா காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

"பொம்பளைங்க வந்து போற கடைல இன்னாடா அசிங்கமா கத்திக்கினு கீறீங்க?"

விளக்கிச் சொன்னோம். "இன்னா எழவோ, தமிழ்ல சொல்லித் தொலைங்க" என்று போய்விட்டார். தேவராஜுக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அன்றிலிருந்து அது 'ஆறு பாரு' ஆயிற்று. அதைக் கேட்டால் போதும், அவன் சட்டென்று ஒதுங்கிவிடுவான். யார், எங்கே என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. என் கண் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. வெறும் மணலாகக் கிடந்த ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. வாலாஜாபாத்தில் ஒரு பழைய மானிட்டரைப் பார்க்க நானும் தேவராஜும் அவனுடைய பைக்கில் புறப்பட்டோம். திருமுக்கூடலைத் தாண்டிப் பாலத்தில் பாதி தூரம் போனபோது செயின் கழன்றது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, வண்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து செயினை மாட்டிக்கொண்டிருந்தான். நான் பத்தடி முன்னால் நின்று, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணல் லாரி தறிகெட்ட வேகத்தில் எங்கள் ஓரத்தை உரசிக்கொண்டு வந்தது.

வாயில் என்ன வந்தது? "தேவா, ஆறு பாரு!"

"லாரி" என்று கத்தியிருக்கலாம். "ஓடு" என்றிருக்கலாம். எட்டு மாதப் பழக்கம், அதுதான் வந்தது.

அவன் எழுந்தான். சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றை எட்டிப் பார்த்தான். லாரி பைக்கில் மோத, பைக் அவன் காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பம் ஏறிப் பிழைத்தவன் அவன்.

"நான் கத்தினேன் சார், அவன் கவனிக்கல" என்று போலீசிடம் சொன்னேன். அவன் மனைவி புஷ்பாவிடமும் அதையே சொன்னேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

வாரம் ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போவேன். என்னைக் கண்டாலே புஷ்பா ஆரம்பித்துவிடுவாள். "அண்ணன் அவ்ளோ கத்திச்சே, உனுக்கு இன்னா வேடிக்கை வேண்டிக் கீது?" அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், அவள் டீ போட உள்ளே போனபோது அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"கோச்சிக்காத தௌபீக்கு. அன்னிக்கு ஆத்துல இன்னா காட்டுன? நானும் நெனச்சி நெனச்சி பாக்கறேன். வெறும் தண்ணிதான் தெரிஞ்சிது."

நான் கூப்பிட்டு வேடிக்கை காட்டியதில்தான் கால் போனது என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறான். அப்படி நினைத்தும் பெண்டாட்டியிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"ஆத்த சொல்லலடா" என்றேன். "உன் ஆற சொன்னேன். சிக்ஸு. பின்னாடி லாரி வந்துக்கினு இருந்திச்சி."

அவன் உதடு மட்டும் அசைந்தது. ஆறு பாரு, ஆறு பாரு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். அப்புறம் கண் கலங்கியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை.

"அப்போ நீ வேடிக்கை பாக்கல" என்றான். "என் பின்னாடிதான் பாத்துக்கினு இருந்த."

புஷ்பா டீயோடு வந்தாள். அவன் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "இப்ப அழுது இன்னா பண்றது? அன்னிக்கே அண்ணன் பேச்சக் கேட்டிருந்தா..." என்று தொடங்கினாள். தேவராஜ் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"கேட்டான் புஷ்பா" என்றேன். "நான் சொன்னதத்தான் செஞ்சான். நான் கத்தின வார்த்தைதான் தப்பு." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா நான் இவரத் திட்டிக்கினு கீறேன். நீ ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தியா அண்ணா?"

ஆமாம் என்றேன்.