தாலிக்கு வைக்காத குச்சி

என் அண்ணன் சங்கரபாண்டியனுக்குப் பேனா பிடித்துக் கணக்கு எழுத வராது. சிவகாசியில் தீப்பெட்டி ஆபீசு வைத்த நாளிலிருந்து அவர் சட்டைப் பையில் ஒரு பிடி குச்சி கிடக்கும். மருந்து வைக்காத மொட்டைக் குச்சி. கணக்கு என்று வந்துவிட்டால் அதை எடுத்துத் தரையில் பரப்பிவிடுவார். ஒரு குச்சி நூறு ரூபாய். கூலிக்கு ஒரு வரிசை, பேப்பருக்கு ஒரு வரிசை, லோடு அனுப்ப ஒரு வரிசை. கண்ணால் பார்த்தால்தான் காசு எங்கே போகிறது என்று தெரியும் என்பார். என் மகள் கல்யாணச் செலவையும் அப்படித்தான் என் வீட்டுத் தரையில் பரப்பினார். எதிரே உட்கார்ந்து நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

சங்கிலிக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். என் மகள் ஞானசுந்தரி தொட்டிலில் கிடந்த வருஷம் அது. அண்ணன் புதுப்பட்டிக்கு எங்கள் வீடு தேடி வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஷெட் போடப் பணம் பற்றவில்லை, கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள் என்றார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் ஆத்தா எனக்குப் போட்டு அனுப்பிய எட்டுப் பவுன் ரெட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். அண்ணன் கண் கலங்கிவிட்டது. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினார்.

"இவ என் மருமக, தாயி. இந்தச் சங்கிலி இவ களுத்துக்குத்தான் திரும்பி வரும்" என்றார்.

பக்கத்தில் அவர் மகன் ஜெயச்சந்திரன், நான்கு வயசுப் பயல், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நின்றான். மாமன் மகனுக்கு அத்தை மகள். இதில் பத்திரம் எழுதி வாங்க என்ன இருக்கிறது? கூடப்பிறந்தவனிடம், "உன் மகனுக்குத்தானே சொல்கிறாய்?" என்று உடைத்துக் கேட்பாளா ஒருத்தி? நான் கேட்கவில்லை. ஊரும் அன்றைக்கே முடிந்த பேச்சாக எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஏறுமுகம்தான். தீப்பெட்டி ஆபீசோடு பட்டாசு ஆபீசும் வந்தது, லேபிள் அடிக்க அச்சாபீசும் வந்தது. எத்தனை வந்தாலும் எங்கள் வீட்டு வாசலில் காலை வைக்கும்போதே, "எங்கன இருக்கா என் மருமக?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவார். சுந்தரி அடுப்படிக்குள் ஓடி ஒளிவாள். தீபாவளிக்குத் தீபாவளி ஜெயச்சந்திரன் அவனே மத்தாப்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் ஓடுவான். கல்யாணப் பேச்சுக்கு முந்தின தீபாவளிக்கு மட்டும் அவன் வரவில்லை. பெட்டி லோடு லாரியில் வந்தது. சீசன் நேரம், பாவம், வேலை நெருக்கடி என்று நான்தான் சுந்தரிக்குச் சமாதானம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் சோலைமலை பேசிப் பிழைக்கிற ஆள் இல்லை. கரிசல் நிலம் உண்டு, தோட்டம் உண்டு, தோட்டத்தில் கிணறும் உண்டு. கிணற்றில்தான் தண்ணீர் கிடையாது. கம்பும் பருத்தியும் மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தத் தீபாவளி கழிந்து வந்த பங்குனியில் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார் என்று சிவகாசிக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு பெரிய சேவுப் பொட்டலத்தோடு வந்தார். கல்யாணம் ஆன நாளாக எனக்கென்று ஒரு முழம் பூ வாங்கி அறியாத மனுஷன்.

"என்னங்க, சம்பந்தி வீட்டு உபசாரம் பலமா?" என்று கிண்டல் செய்தேன்.

"உங்கண்ணன் வெள்ளிக்கிழமை வாராராம். கல்யாணச் செலவு பேசணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். பொட்டலத்தை அவர் தொடவே இல்லை. முக்கால்வாசியும் நான்தான் தின்றேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் காரில் வந்தார். பாயை விரித்து என் வீட்டுக்காரர் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் பாய்க்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். சுந்தரி அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பையிலிருந்து குச்சிகளை எடுத்து நடுவில் குவித்தார்.

"அம்பது குச்சி, தாயி. அம்புட்டும் என் காசு. நீங்க ஒத்த ரூவா எடுக்க வேண்டாம்" என்றார்.

பெண் வீட்டுச் செலவையும் தானே ஏற்றுக்கொள்கிற சம்பந்தி எந்த ஊரில் கிடைப்பார்? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பத்துக் குச்சி பிரித்தார். பந்தல், வாழைமரம், ரேடியோ செட் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு. மேளத்துக்கு ஒன்று.

"என்னண்ணே, ஒத்தக் குச்சி மேளமா? கம்பெனி முதலாளி வீட்டு விசேசம்னு சொன்னா ஊரு சிரிக்காது?" என்றேன்.

அவர் சாப்பாட்டு வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கக் கை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அதுல எடுக்காதீக. இலையில உக்காந்தவன் ரெண்டாந்தடவ பாயாசம் கேட்டா நான் முளிக்கவா?"

"சரி, பந்தல்ல எடுக்கேன். நீ சின்னப்பிள்ளையில இருந்து இப்படித்தான்" என்று அண்ணன் சிரித்தார்.

அப்படியே துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் ஏழு வைத்தார். அன்றைக்குப் பவுன் நூறு ரூபாய்தான், நகைக்குப் பவுனுக்கு ஒரு குச்சி என்று இருபது வைத்தார். அதில் எட்டைத் தனியாக ஒதுக்கி, "இது உன் சங்கிலி, தாயி. நான் மறக்கல" என்றார். பிறகு ஐந்து குச்சியைப் பாயின் மேலேயே எடுத்து வைத்து, "இது தாய்மாமன் சீரு. ஊரு மெச்சச் செய்வேன்" என்றார். இருக்கிற மாமன் ஒருத்தர்தானே, மாப்பிள்ளைக்கு அப்பாவாகவும் நிற்பார், பெண்ணுக்கு மாமனாகவும் நிற்பார் என்று அதற்கும் பூரித்துப்போனேன். மூளை கெட்டவள். கடைசியாக ஒரே ஒரு குச்சி மிஞ்சியது. அதை ஒன்றும் சொல்லாமல் தன் முழங்கால் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் வரிசையை எல்லாம் ஒரு தடவை பார்த்தேன். முக்கியமான ஒன்றைக் காணோம்.

"தாலிக்குக் குச்சி வைக்கலையேண்ணே?"

"தாலி மாப்பிள்ளை வீட்டுச் செலவுல்லா? அதக் காரியாபட்டிக்காரங்க பாத்துக்கிடுவாங்க" என்றார் அண்ணன், வெகு சாதாரணமாக.

"எந்தக் காரியாபட்டிக்காரங்க?"

அண்ணன் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏன் மச்சான், தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லலையா?"

என் வீட்டுக்காரர் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணன்தான் சொன்னார். காரியாபட்டியில் நல்ல குடும்பமாம், நஞ்சையும் புஞ்சையும் உண்டாம், பையன் குணமானவனாம். ஜெயச்சந்திரனுக்கு விருதுநகரில் ஒரு எண்ணெய் வியாபாரி பெண் கொடுக்கிறாராம். பட்டாசு ஆபீசைப் பெரிதாக்க அவர் கூட்டுச் சேர்ந்து பணம் போடுகிறாராம். வடக்கே இருந்து பெரிய ஆர்டர் வந்து நிற்கிறதாம். "தொளில்னு ஒண்ணு இருக்குல்ல, தாயி" என்றார்.

"ஜெயச்சந்திரன் என்ன சொன்னான்?"

"அவன் என்ன சொல்லப்போறான். சரின்னுட்டான்."

"நீங்க எனக்குக் குடுத்த வாக்கு?"

"என்ன வாக்கு?"

"தொட்டில்ல இருந்து தூக்கி வச்சு என்ன சொன்னீக? என் மருமகள்னு சொல்லலையா? இன்னைக்கு வரைக்கும் வாசல்ல நின்னு மருமகளே மருமகளேன்னு கூப்பிடலையா?"

அண்ணன் பிள்ளைக்குப் பாடம் சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னார்.

"தங்கச்சி மகள மருமகள்னு கூப்பிடாம வேற எப்படித் தாயி கூப்பிடுறது?"

செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பதினெட்டு வருஷம் அந்த ஒரு சொல்லை நான் ஒரு பக்கமாகவும் அவர் இன்னொரு பக்கமாகவும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவர் பிடித்திருந்த பக்கத்தில் பொய்யே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அண்ணன்தான் ஆதரவாகச் சொன்னார். "மச்சானுக்கு எல்லாம் தெரியும். கெணத்த ஆளப்படுத்த முன்பணம் குடுத்தாச்சு. மோட்டாருக்கும் ஆர்டர் போட்டாச்சு. அதெல்லாம் இந்த அம்பதுல சேராது. உங்கள நான் விட்டுருவேனா?"

அப்போதுதான் அந்த மனுஷன் வாயைத் திறந்தார்.

"கெணத்துல தண்ணி இல்லையே, செல்லத்தாயி" என்றார்.

அவர் கெஞ்சவும் இல்லை, மழுப்பவும் இல்லை. மாட்டுக்குத் தீவனம் இல்லை என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். சேவுப் பொட்டலத்தின் விலை எனக்கு அப்போது புரிந்தது. அண்ணன் எனக்குத் துரோகம் செய்தார் என்றால், அவர் சிவகாசியில் மாடி வீட்டில் இருக்கிறவர். இவர் என் பக்கத்தில் படுத்து எழுந்துகொண்டு ஒரு வாரமாக என்னைக் கிண்டல் செய்யவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். யாரை முதலில் வெறுப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சுந்தரி காப்பியோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மாமனுக்கு ஒரு டம்ளர், அப்பாவுக்கு ஒரு டம்ளர் வைத்தாள். அண்ணனுக்கு அவளைப் பார்த்ததும் நாக்குக் குழறியது. எதையாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்று முழங்கால் பக்கத்தில் இருந்த ஒற்றைக் குச்சியை எடுத்து நீட்டினார்.

"இது உனக்குத்தாம்மா. பட்டுச்சேலைக்கு. ஜெயச்சந்திரனுக்குக் கூடப்பிறந்த பொண்ணு கெடையாதே. அவன் கல்யாணத்துல நாத்தனா முடிச்சு நீதான் போடணும். நீ அவனுக்குத் தங்கச்சி மாதிரி."

கட்டிக்கொள்ள உரிமை உள்ளவளை, அவன் இன்னொருத்திக்குக் கட்டுகிற தாலியில் தங்கையாக நின்று முடிச்சுப் போடச் சொல்கிறார். அதற்கு ஒரு குச்சியும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறார். பந்தலுக்கும் பாயாசத்துக்கும் நான் அவரோடு கை தட்டி விளையாடிய நேரமெல்லாம் அந்தக் குச்சியும் குவியலுக்குள்தான் கிடந்தது.

சுந்தரி குச்சியை வாங்கினாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அவர் காப்பி டம்ளர் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.

"நீங்களே கொண்டு போங்க மாமா. முடிச்சுப் போட அங்கன கூலிக்கு ஆளு கெடைக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் நகை வரிசையிலிருந்து எட்டுக் குச்சியை மட்டும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மிச்சத்தை இரண்டு கையாலும் அள்ளி அண்ணன் முன்னால் தள்ளினேன்.

"இது என் ஆத்தா சங்கிலி. இது மட்டும் வந்தாப் போதும். மத்ததெல்லாம் விருதுநகர் மருமகளுக்குச் செய்யுங்க."

"கோவத்துல பேசுத, தாயி."

"ஆமா, கோவத்துலதான் பேசுதேன். காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர் குடிக்கவில்லை. குச்சியைப் பொறுக்கவும் இல்லை. காரியாபட்டிப் பேச்சு அன்றோடு போயிற்று. அடுத்த வாரம் அவர் கணக்குப்பிள்ளை எண்ணூறு ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் மறு தையில் சுந்தரிக்குக் கல்யாணம் முடித்தேன். மாப்பிள்ளை பெத்தணன், சாத்தூரில் ஜவுளிக்கடையில் வேலை. ஒத்தக் குச்சி மேளம்தான். தாய்மாமன் சீர் வரவில்லை, நாங்களும் போய் அழைக்கவில்லை. ஜெயச்சந்திரன் கல்யாணத்தில் யார் முடிச்சுப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஐப்பசியிலேயே மோட்டார் வந்து இறங்கிவிட்டிருந்தது. ஆழப்படுத்திய கிணற்றில் நல்ல ஊற்று. பொத்தானை அமுக்கினால் தொட்டி நிறைய வெள்ளமாகக் கொட்டுகிறது. கத்தரியும் மிளகாயும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கின்றன. அந்தத் தண்ணீரில் நான் இதுவரை உலை வைத்ததில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொந்தத் தோட்டத்தைத் தாண்டி ஊர்க்கிணற்றுக்குத்தான் போகிறேன்.

பக்கத்துப் புஞ்சைக்காரி மூக்கம்மாள் ஒருநாள் வரப்பில் நின்று கேட்டாள். "ஏ செல்லத்தாயி, ஒங்க கெணத்துல இம்புட்டுத் தண்ணி கெடக்கு, நீ எதுக்கு அம்புட்டுத் தூரம் நடக்கே?"

"அது தண்ணி இல்லக்கா. எங்க சுந்தரி கல்யாணச் செலவு" என்றேன்.

என் வீட்டுக்காரர் தொட்டிப் பக்கத்தில் குனிந்து வாய்க்காலுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படிதான் சொன்னேன்.