உள்வாங்காத மண்

அம்மாவின் சாம்பல் காரின் பின் இருக்கையில் இருந்தது. மின்னசோட்டாவில், தன் தாத்தா நெல்ஸின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. கொள்ளைக் காய்ச்சலில் இளம் வயதிலேயே போனவர் என்பாள். அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நாள் முன்னதாகவே வந்தேன்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சொந்தக்காரர்களோடு சாப்பிடும்போது, நெல்ஸ் என்று நான் ஆரம்பித்தாலே, யாராவது என் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை வைத்தார்கள்.

"சாப்பிடு. சிகாகோவுல இதெல்லாம் எங்க கிடைக்கும்?"

"எப்படிப்பட்டவர்னு கேட்டேன்."

"உயரமானவரு," என்றாள் ஆர்டிஸ் பெரியம்மா. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. நெல்ஸ் அவளுக்கும் தாத்தாதான். "மழை வரும்போல இருக்குல்ல?"

மழை வந்தது. மறுநாள், ஊரே கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நினைவு நாள். பழைய காப்பி டப்பாக்களில் பியோனிப் பூக்களை நிரப்பி, பெரியம்மா சொந்தக்காரர்களின் கல்லறைகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனாள். நெல்ஸின் கல்லை மட்டும் தாண்டிப் போனாள். கூடையில் டப்பாக்கள் மிச்சம் இருந்தன.

நான் அங்கேயே நின்றேன். அந்த வரிசை முழுக்க, மரச் சவப்பெட்டிகள் மக்கி மண் உள்வாங்கியிருந்தது. பள்ளங்களில் மழைநீர் தேங்கியிருந்தது. நெல்ஸின் கல்லுக்கு முன்னால் மட்டும் புல் மேசைபோல் சமமாக இருந்தது.

"பெரியம்மா, இதுக்குள்ள யாரு இருக்கா?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"யாருமில்ல. கோதுமை அறுப்புக்குன்னு மேற்கே போனாரு, திரும்பல. புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைன்னு பேர் வாங்குறதுக்குப் பதிலா, விதவையாவே இருந்துடலாம்னு பாட்டி கல்லை நட்டுட்டா. காய்ச்சல் காலம். யாரு கேக்கப்போறா?"

"ஊருக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? எல்லாரும் இந்தக் கல்லு முன்னால வந்து பாட்டுப் பாடினாங்க. சாப்பாடு கொண்டுவந்தாங்க."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"அவ கேக்கலையே."

நேற்று நான் கேட்டேனே என்று நினைத்துக்கொண்டேன். மேற்கே போனார் என்பதும் இவர்கள் சொல்வதுதான்; பெட்டியில்லாமல் இங்கேயே புதைத்திருந்தால்?

"சாம்பலைப் பக்கத்துல வைக்க வேணாம். இதுலயே தோண்டச் சொல்லுங்க. ஆழமா."

பெரியம்மா என் முகத்தையே பார்த்தாள். "அப்படியே பாட்டி புத்தி. பெத்த பிள்ளையையே நம்பமாட்டா."

மதியம் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழம்வரை இறுகிய களிமண்தான். ஒருவரும் எப்போதும் கிளறாத மண். நான் நிறுத்தச் சொன்னேன்.

அம்மாவை வைத்து மூடியதும், பெரியம்மா ஒரு டப்பாவை எடுத்துக் கல்லின் முன்னால் வைத்தாள்.

"இது உங்கம்மாவுக்கு," என்றாள். "அவருக்கில்ல."