இத்தாவின் முதல் பகல்

மீராசாவின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னால் அவர் தம்பி சாதிக் பாட்ஷா கூடத்து வாசலில் வந்து நின்று, உள்ளே பெண்கள் பக்கம் பார்க்காமல் குரலை மட்டும் உயர்த்தினார்.

"எங்க காக்கா யாரு மனசாவது நோக நடந்திருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கிடுங்க."

எல்லா மய்யித்து வீட்டிலும் கேட்பதுதான். "பொருந்திக்கிட்டோம்" என்று நாலு குரல் வரும், சந்தூக் கிளம்பும். இங்கேயும் நாலு குரல் வந்தது. ஷிரின், தன் உம்மா ரஹீமா பீவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாப்பா மீராசா நேற்றுச் சாயங்காலம் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதே சரிந்துவிட்டார். ஓமான் நாட்டுச் சலாலாவில் இருக்கும் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் இப்போது வீட்டில்தான். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை வாங்கித் தரும் மனிதர் என்று அவருக்குப் பெயர். ஷிரினுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

"நான் பொருந்திக்கிடல."

செருப்புகள் கிடந்த இடத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் கொட்டி வெந்த தழும்பு.

"யாரும்மா அது?" என்று கேட்டார் சாதிக் பாட்ஷா.

"மாஹிரா. தையல் வேலைன்னு உங்க காக்கா கூட்டிட்டு வந்தவ. என் கூட என் சாச்சி மவ இஃப்பத்தும் வந்தா."

"மய்யித்த வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" என்றவர் திரும்பிக்கொண்டார். "நேரமாவுது. தூக்குங்கப்பா."

கலிமா சொல்லும் குரல்கள் தெருவில் தேய்ந்தன. பெண்கள் யாசீன் கிதாபைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் கண் எழுத்தில் இல்லை. ஷிரின் உம்மாவை உள்ளறையில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். வாசலில் பெண்கள் வெகு நேரம் மறித்தும் மாஹிரா விலக்கிக்கொண்டு நேராக அங்கே வந்தாள். ஷிரின் எழுந்து குறுக்கே நின்றாள்.

"உம்மா இத்தா உக்காந்துட்டாங்க, நாலு மாசம் பத்து நாள் யாரையும் பாக்க மாட்டாங்க. எதுவா இருந்தாலும் பொறவு பேசுங்க."

"பொறவு பேச நேரமில்ல. இஃப்பத் இன்னும் உள்ளதான் இருக்கா. பொம்பளைங்கள அடைச்சு வச்சு வெளிய பூட்டுன வீடு. உங்க வாப்பா மவுத்துன்னு கேட்டதும், அவர்ட்ட காசு கொடுத்து அவள வாங்குன ஆளுங்க பயந்துட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வண்டி வருதாம், எல்லாப் புள்ளைங்களையும் பாடர் தாண்டிக் கொண்டு போறாங்களாம். டிரைவர் போனப் பிடுங்கி அவளே எனக்குச் சொன்னா. அதுக்குள்ள கட்டாயிடுச்சு."

"போலீஸுக்குப் போறதுதான?"

"போயிட்டுத்தான் வர்றேன். வெளிய கார்ல சந்திரகலா மேடம் இருக்காங்க. ஓடி வந்த பொம்பளைங்களுக்காக அலையுறவங்க, என்னையும் அவங்கதான் காப்பாத்துனாங்க. போலீஸ் ரெடி. வீடு எதுன்னு காட்ட ஆளில்ல. வந்திறங்குன ராத்திரியே அவள அங்க எறக்கிட்டு என்னைய வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியல."

"உம்மாவுக்கு மட்டும் என்ன தெரியும்?"

மாஹிரா அவளைத் தாண்டி ரஹீமா பீவியைப் பார்த்தாள். "கார்ல முன் சீட்டுல நீங்கதான மாமி இருந்தீங்க? ஒரு பொம்பள கூட வர்றாங்களேன்னுதான் நாங்க ஏறுனோம். பசிக்கும்னு புளிச்சோறு கட்டிக் கொடுத்தீங்க."

ஷிரினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்தவர் மேல் பழி போட்டது போதாதென்று உம்மா மேலுமா? உம்மா ஒரு வார்த்தை மறுக்கட்டும், இவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாம் என்று காத்திருந்தாள். ரஹீமா பீவியின் விரலில் தஸ்பீஹ் மணி நகராமல் நின்றது. அவர் மறுக்கவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் உம்மா புளிச்சோறு கிண்டியிருக்கிறாள், வாப்பாவோடு கிளம்பிப் போயிருக்கிறாள் என்று ஷிரின் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"தாக்கா ரோடு," என்றார் ரஹீமா பீவி மெதுவாக. "வாழைத்தோட்டம் தாண்டி உள்ள போவணும். பச்சைக் கேட்டு."

"அந்தப் பக்கம் பாதி வீடு பச்சைக் கேட்டுதான் மாமி. தப்பான கதவத் தட்டுனா அவங்க உஷாராயிடுவாங்க."

"சொல்லத் தெரியாது. பாத்தா காட்டுவேன்."

அடுத்த வீட்டு மாமி பாய்ந்து வந்தார். "புத்தி பேதலிச்சுப் போச்சா ரஹீமா? மய்யித்து இன்னும் மண்ணுக்குள்ள போவல, இத்தாவுல இருக்கவ வாசப்படி தாண்டவா? நாலு பேர் என்ன சொல்லுவா? இந்தப் புள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்? ஷிரின், கதவச் சாத்து!"

ஷிரின் கதவருகே போனாள். சாத்தினால் வாப்பா நல்லவராகவே மண்ணுக்குள் போவார். அஸருக்கு இன்னும் அதிக நேரமில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவளால் தள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ரஹீமா பீவி சுவரைப் பிடித்து எழுந்தார். "நான் வந்து காட்டுனா, அவரப் பொருந்திக்குவியா?"

"மாட்டேன் மாமி."

"என்னைய?"

மாஹிரா தழும்புக் கையால் வாசலைக் காட்டினாள். ரஹீமா பீவி வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு கதவுக்கு வந்தார்.

"கைய எடு புள்ள."

ஷிரின் எடுத்தாள். யாரும் கூப்பிடாமலே அவளும் பின்னால் போய்க் காரில் உம்மாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அந்த நிமிடத்தில் உம்மாவை அவள் வெறுத்தாள். ஆனாலும் தனியாக விட மனம் வரவில்லை.

தெருமுனையில் வழி அடைபட்டது. அடக்கம் முடிந்து ஆண்கள் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சந்திரகலா ஹார்ன் அடித்தாள். சாதிக் பாட்ஷா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். அவருடைய சட்டைக் கையில் கபர் மண் ஒட்டியிருந்தது.

"மதினி?"

ரஹீமா பீவி முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கூட்டம் ஒவ்வொருவராக ஒதுங்கியது.

"இடது பக்கம் திருப்புங்க," என்றார்.