பட்டினி போட்ட மிளகாய்ச் செடிகள்

விமலனுக்கு முதன்மைப் பாடம் கணினி. துணைப் பாடம் தோட்டக்கலை. செடி தானாக வளரும், நாம் சும்மா இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் அதை எடுத்தான். துணைப் பாடத்தில் தேறாவிட்டால் பட்டமும் கிடையாது என்ற விதியைக் கடைசி ஆண்டில்தான் வாசித்தான். படிக்கிற பிள்ளையின் லட்சணம் அப்படி.

கிள்ளானில், நான்காவது மாடி வீட்டு வாசலில் பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளை வரிசையாக வைத்தான். நாலுக்கு ரசாயன உரம், நாலுக்குக் கோழி எரு, கடைசி நாலுக்கு வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க அந்த நாலும் பட்டினி கிடந்தே ஆக வேண்டும் என்று அம்மா இராஜம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னான். எட்டு வாரம் உயரம் அளக்க வேண்டும். முதல் வாரம் அளந்தான். மீதி ஏழு வாரத்தையும் சோபாவில் படுத்துக்கொண்டே எழுதி முடித்தான். பட்டினிச் செடிகளைத் தாளில் ஈவிரக்கமில்லாமல் குட்டையாக்கினான்.

ஆறாவது வாரம், பேராசிரியர் மும்தாஜ் செடிகளைப் பார்க்க நேரிலேயே வந்து நின்றார். விமலன் தாளை நீட்டினான்.

"இன்னிக்கி ஆறாவது வாரம்தானே தம்பி? எட்டாவது வாரம் வரைக்கும் எழுதியிருக்கே?"

பேராசிரியர் கடைசி நாலு செடிகளிடம் போனார். இடுப்பளவு செடி, கிளை கிளையாகக் காய்.

"பட்டினின்னு எழுதியிருக்கே. இது விருந்து சாப்பிட்ட மாதிரில்ல இருக்கு!"

அவனும் அப்போதுதான் பார்த்தான். தினமும் அங்கேதான் செருப்பு மாட்டுகிறான். கைப்பேசியை விட்டுத் தலை நிமிர்ந்தால்தானே.

"நாந்தான் டீச்சர்," என்றபடி இராஜம்மா வெளியே வந்தாள். "அரிசி கழுவுன தண்ணி, மீன் கழுவுன தண்ணி ஊத்துனேன். பன்னெண்டு புள்ளைய உக்கார வச்சி, எட்டுக்குச் சோத்தப் போட்டு, நாலுக்கு மட்டும் வெறும் தண்ணிய காட்டுனா, பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

"எப்போ, எவ்ளோ ஊத்துனீங்க?"

இராஜம்மா சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். எந்த நாள், எத்தனை கப், பன்னிரண்டு செடியும் எத்தனை சாண், எத்தனை விரல், எல்லாம் அதில் இருந்தது. உரம் போட்ட செடிகளில் இலை கருகிய தேதிகூட இருந்தது. மும்தாஜ் அதை நின்றபடியே முழுவதும் படித்தார்.

"ஒன்னோட தாள கிழிச்சிப் போடு. இந்தக் காலண்டர வச்சி நடந்தத அப்படியே எழுது. மிச்சம் ரெண்டு வாரம் நீயே அளக்கணும். அப்போ பாஸ். மழுப்புனா, இன்னொரு செமஸ்டர் படிக்கணும் லா."

அவர் லிஃப்டில் இறங்கியதும் இராஜம்மா திரும்பினாள்.

"நான் திருட்டுத்தனமா தண்ணி ஊத்துனேன்னு ஆறு வாரமா பயந்துக்கிட்டுக் கெடந்தேன். நீ என்னடான்னா, வராத நாளையே எழுதி வச்சிருக்க!"

விமலனுக்கு அவமானமாக இருந்தது. உட்கார்ந்து எழுதினான். 'முதல் வாரத்துக்குப் பிறகு நான் செடிகளைப் பார்க்கவே இல்லை. பார்த்தவர் என் அம்மா.' இந்த வரியை மட்டும் மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினான்.

இராஜம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அந்த வரி வந்ததும் விரல் சற்று நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது.

"வெள்ளிக்கிழமைக்கி ரெண்டு கப்பு," என்றாள். "அத ஏன்டா விட்டுட்ட?"