பெல்டன் துரையின் அலமாரிச் சாவி

என் கணவர் விஸ்வலிங்கம் மறதியால் ஒரு வழக்கைக் கெடுத்தவர் என்று யாராவது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் இதைப் படிக்கட்டும்.

1908ஆம் ஆண்டு. பேட்டரி ரோட்டில் பெல்டன் துரையின் வக்கீல் கந்தோரில் இவர் தலைமைக் கிளார்க். துரை சட்டத்தில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்குத் தெரியாது. தொப்பியை மாட்டியபடி மாடிப்படியில் இறங்கும்போதுதான், "இதை முடித்துவிடு" என்பார். கேள்வி கேட்பதற்குள் ரிக்‌ஷா நகர்ந்துவிடும். வழக்குக் கட்டுகள் எல்லாம் அவருடைய அறை அலமாரியில் இருக்கும். அதன் சாவி அவருடைய கோட்டுப் பையில் இருக்கும்.

"சமைக்கச் சொல்லிப்போட்டு அடுப்படியைப் பூட்டிக்கொண்டு போற மனுசன்" என்று இவர் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

துரையிடம் வழக்கைக் கொடுத்திருந்த கம்போங் கப்பூர்க் கடைக்காரர் சாகுல் ஹமீது தம் கடைநிலத்துக்கான வழக்கில் தோற்றிருந்தார். மேல்முறையீடு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை துரை படியில் நின்று, "வெள்ளிக்குள் அப்பீலைப் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டு நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் ஜொகூருக்கு வேட்டைக்குப் போய்விட்டார். தீர்ப்பு நகல் அலமாரிக்குள். சாவி துரையோடு. விண்ணப்பத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும்.

"ஒடச்சிடுவோமா அண்ணே?" என்று இரண்டாம் கிளார்க் அப்துல் அலீம் கேட்டாராம்.

"உடைச்சால் நாளைக்கு என்னைக் கள்ளன் எண்டுவார்" என்றாராம் இவர்.

அப்போதே இவருக்குக் காய்ச்சல். நான் மறித்தேன். கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை டாங்க் ரோட்டில் ரயில் ஏறி, உட்லண்ட்ஸில் இறங்கி, படகில் ஜொகூர் போனார். துரை காட்டை விட்டு வெளியே வந்ததே வெள்ளி மாலைதான். சனிக்கிழமை இவர் சாவியோடும் கையெழுத்தோடும் மழையில் நனைந்து வீடு வந்து சேர்ந்தார். கெடு முடிந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் அந்தக் காய்ச்சலில் இவரும் முடிந்துபோனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கழிந்த மறுநாளே துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வெள்ளைச் சீலையோட கந்தோருக்கோ போறாய்? சனம் என்ன சொல்லும்?" என்றாள் பக்கத்து வீட்டு அன்னம்மா.

"சனம் சொல்லுறதை வந்து கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன்.

துரை ஒரு காகிதத்தை மேசையில் தள்ளினார். கெடு தவறிய அப்பீலை ஏற்கும்படி நீதிபதியைக் கேட்க, தவறியதற்குக் காரணம் காட்ட வேண்டும். 'என் கணவர் தாம் மறந்துவிட்டதாகச் சாகும்முன் என்னிடம் ஒப்புக்கொண்டார்' என்று அதில் எழுதியிருந்தது. நான் யாழ்ப்பாணத்து உடுவில் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். அது துரைக்குத் தெரியாது. கந்தோர்க்காரரின் தமிழ் விளங்கினாலும் என் யாழ்ப்பாணப் பேச்சு அவருக்கு விளங்காது என்று, மொழிபெயர்க்க அலீமை நிற்க வைத்திருந்தார்.

"இறந்தவரை யாரும் தண்டிக்கப் போவதில்லை. கையெழுத்துப் போடட்டும். யாழ்ப்பாணம் போகக் கப்பல் டிக்கெட் தருகிறேன்" என்றார் துரை.

"செத்தவரிலை பழியைப் போட்டுட்டு உயிரோட இருக்கிறவர் தப்பப் பாக்கிறாரோ எண்டு கேளுங்கோ தம்பி" என்றேன்.

அலீம் துரையின் பக்கம் திரும்பினார். பிறகு ஆங்கிலத்தில், "அம்மா மிகுந்த துயரத்தில் இருக்கிறார். யோசிக்க அவகாசம் கேட்கிறார்" என்றார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டுத் துரையிடம் நானே ஆங்கிலத்தில் பேசினேன். "அந்த வேலையை எங்கே நின்று கொடுத்தீர்கள்?"

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "படியில்."

"வழக்குக் கட்டைக் கொடுத்தீர்களா?"

துரை அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாவி எங்கே இருந்தது?"

அவர் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது.

"அங்கேதான் இருந்தது. நீதிபதி கேட்டால் இதையே சொல்வேன்" என்றேன்.

துரையின் முகம் சிவந்தது. என் கையெழுத்தே வேண்டாம், கிளார்க்கின் மறதி என்று புதிதாக ஒரு பத்திரம் எழுது என்று அலீமுக்கு உத்தரவிட்டார். அலீம் என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை சுளுக்கிக்கிச்சு துரை. இன்னிக்கு எழுத வராது."

துரை வாசலில் நின்ற நகல் எழுத்தர் மருதப்பனைப் பார்த்தார்.

"எனக்கும் லேசாச் சுளுக்குங்க" என்றார் மருதப்பன். "நாளைக்கு இன்னும் வீங்கும் போலிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கணவர் போன பிறகு முதல் தடவை.

"எழுதி முடிக்கும்வரை நான் இருக்கிறேன்" என்று சொல்லி விசுப்பலகையில் உட்கார்ந்தேன். வழக்குக் கட்சிக்காரர்கள் வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போனார்கள். நான் அசையவில்லை. சாகுல் ஹமீதின் நிலம் போனால் கேள்வி தன்மீதே வரும் என்று துரைக்கும் தெரியும். மூன்று மணிக்குப் பேனாவை எடுத்தார். முதல் தாளைக் கிழித்தார். இரண்டாவதைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'அலமாரிச் சாவியை நான் எடுத்துச் சென்றிருந்தேன். என் கிளார்க் அதைத் தேடி ஜொகூர் வரை வந்தார். தாமதம் என்னுடையது.'

"அவர் பெயரையும் எழுதுங்கள்" என்றேன். 'கிளார்க்' என்ற சொல்லுக்கு மேலே விஸ்வலிங்கம் என்று எழுதினார். நீதிபதி அந்தக் காரணத்தை ஏற்று அப்பீலை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் துரை படியில் இறங்கியபடி, "அலீம், அந்தக் குத்தகைப் பத்திரம்..." என்று தொடங்கினாராம். அலீம் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"மேல வாங்க துரை. உக்காந்து சொல்லுங்க. என்ன செய்யணும், எப்பக்குள்ள செய்யணும், எதை நானே முடிவு பண்ணலாம். சாவியையும் வெச்சுட்டுப் போங்க."

கீழே ரிக்‌ஷாக்காரர் மணி அடித்தாராம். துரை மேலே ஏறி வந்தாராம். அன்று முதல் அந்தச் சாவி தலைமைக் கிளார்க் மேசைக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த ஆணியில் தொங்கியது. மருதப்பன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

கப்பல் டிக்கெட்டை நான் வாங்கவில்லை. இதே ஊரில், செராங்கூன் ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறேன். விஸ்வலிங்கத்தைப் பற்றிப் பேச நினைப்பவர்கள் என் முன்னால் வந்து பேசலாம்.