ஆறு மணி நேரத் தூக்கம்

கம்பெனி மருத்துவ அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில், மெஷின் பையை மடியில் அணைத்துக்கொண்டு அவன் தூங்கிப்போயிருந்தான். பக்கத்தில் மனைவி அவன் நெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குறட்டை ஏறி ஏறி வந்து சட்டென்று நின்றது. நெஞ்சு எம்பியது, காற்று உள்ளே போகவில்லை. பத்து எண்ணும்வரை பொறுத்தாள். பிறகு விலாவில் முழங்கையால் ஓர் இடி. திணறிக்கொண்டு விழித்தவன், "கூப்பிட்டாங்களா?" என்றான்.

"கூப்பிட்டா சொல்ல மாட்டேனா? முதல்ல மூச்சு விடுங்க."

கிடங்கில் ஒன்பது வருஷம், சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன் அவன். ஓர் அட்டைப்பெட்டியின் மூலைகூட அவன் கையில் நசுங்கியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கண்ணசந்தால் அவன் போடும் சத்தத்துக்காக டிராக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. "குண்டா இருக்கறவங்களுக்குத்தானே டாக்டர் இதெல்லாம் வரும்?" என்று ஆஸ்பத்திரியில் அவள் கேட்டபோது, டாக்டர் அவன் தாடையைத் தொட்டுக் காட்டினார். தாடை இப்படி உள்வாங்கியிருந்தால் தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்குமாம். மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம். காலைத் தலைவலி, மாத்திரைக்கு இறங்காத ரத்த அழுத்தம் எல்லாம் அதனால்தானாம். அப்படியே விட்டால் இதயத்தில் கைவைக்கும், பக்கவாதம்கூட வரலாம் என்றார். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவள் அவள்தான். "கம்பெனியில மறைக்காம சொல்லிடுங்க" என்றவளும் அவள்தான். சொன்னான். ஓட்டும்போது கண்ணசந்துவிடுவான் என்று மறுநாளே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு பெட்டி தூக்கப் போட்டார்கள். மூன்று மாதம், தினம் சராசரி ஆறு மணி நேரம் மெஷின் மாட்டித் தூங்கியதாகப் பதிவு இருந்தால் வண்டி திரும்பக் கிடைக்கும். இன்றோடு மூன்று மாதம் முடிந்தது. வார விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து வந்திருந்தான்.

கம்பெனி டாக்டரம்மா மெஷினின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். "நாலு மணி பத்து நிமிஷம்தான் வருது. ஏன் பாதியில கழட்டி வைக்கறீங்க?"

"கழட்டலைங்க மேடம். ராத்திரி பத்துக்கு விடறாங்க. வீடு போய்ச் சேரப் பதினொன்றரை. மறுபடி காலையில ஆறு மணி ஷிப்ட். நாலரைக்கு எழுந்தாத்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும்."

"தூங்கவும் விடாம, ஏன் தூங்கலைன்னும் கேட்டா எப்படிங்க?" என்றாள் மனைவி.

"ஷிப்ட் என் கையில இல்லைம்மா. அங்க போய்க் கேளுங்க." டாக்டரம்மா 'தகுதியில்லை' என்று முத்திரை குத்தினார். மறுபடி மூன்று மாதம்.

முற்றத்தைக் கடந்து போனார்கள். ஷிப்ட் போடும் கிளார்க் தலை நிமிராமல், "ஒரே ஷிப்டா வேணும்னா மெடிக்கல்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

திரும்பி வந்தார்கள். "சிகிச்சையை ஒழுங்கா எடுக்கறவங்களுக்குத்தான் லெட்டர் தர முடியும். ஆறு மணி நேரம் காட்டுங்க, அன்னிக்கே எழுதித் தரேன்" என்றார் டாக்டரம்மா.

மறுபடி முற்றம். கிளார்க் அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "நல்லவேளை, போயிட்டீங்களோன்னு பார்த்தேன். ரெண்டு மணி ஷிப்டுக்கு ஒரு ஆள் வரலை. நின்னுடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மேசையைப் புரட்டிப் போட்டால் என்ன என்றும் வந்தது. "முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

"சொன்னா பெட்டி தூக்கற வேலையும் போயிடும். விடு. இதைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போ." மெஷின் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளே போனான்.

வீட்டில் பள்ளிச் சீருடைச் சட்டைகள் நாற்பது, காலர் வைக்காமல் குவிந்து கிடந்தன. அவள் தையல் மெஷினைத் தொடவில்லை. மூச்சு மெஷினைக் கட்டிலருகே வைத்துப் பிளக்கைச் செருகினாள். அதற்கு யார் மூக்கு என்று தெரியவா போகிறது? முகமூடியை மாட்டி, பட்டையைத் தன் தலைக்கு இறுக்கி, பொத்தானை அமுக்கினாள். குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. முதல் இரண்டு மூச்சுக்குத் திணறினாள்; பிறகு பழகிவிட்டது. படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தாள். அவனுக்கு இதனால் ஒரு மூச்சும் கூடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். நாளை காலைக்குள் நாற்பது சட்டையும் போயாக வேண்டும் என்பதும் தெரியும்.

எழுந்து, மூச்சு மெஷினைத் தையல் மேசைக்கு இழுத்து வைத்து உட்கார்ந்தாள். மூக்கிலிருந்து குழாய் தோள்வழியே தொங்க, மிதிகட்டையை மிதிக்க ஆரம்பித்தாள்.

நூல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ அக்கா, உடம்புக்கு என்ன?"

முகமூடியோடு பேச முடியவில்லை. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, நூல்கண்டை எடுத்து நீட்டினாள்.

பதினேழாவது காலருக்கு ஊசியை இறக்கியபோது மாலை மணி ஆறு. கிடங்கில் அவன் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான். மெஷின் திரையில் அவன் தூங்கிய நேரம் இரண்டு மணி நாற்பது நிமிஷம் என்று காட்டியது.